கருவழி கண்ட வரலாறு

நேயர்களே, நம் குடாநாட்டுக் கோயில் வீதிகளிலே நிற்கும் சில மரங்களின் கிளைகளிற் சிறு சிறு தொட்டில்கள் கட்டப்பட்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சேலைத் துண்டொன்றினால் முடிந்தவை சில. மரச் சட்டத்தால் ஆனவை சில. ஒவ்வொரு தொட்டிலும் ஒரு பெண்ணின் விண்ணப்பம் ஆகும். பிள்ளை வேண்டுமென்று அவள் கட்டினாள். பிள்ளையின்றி அதனைக் காற்று ஆட்டுகின்றது. இன்றைய பேச்சு அத்தொட்டில்களைக் கட்டிய கைகளைப் பற்றியது. வைத்தியம் கூறுவது என் நோக்கமன்று. நான் வைத்தியர் அல்லேன். வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். ஆயினும், பெண்ணின் உடலுள் மறைந்து கிடக்கும் ஒரு சிறு வழி திறந்துள்ளதா, அடைபட்டுள்ளதா என்பதை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு வைத்தியர்க்கு மட்டும் உரியதன்று. அது நம் வீட்டுத் திண்ணைகளுக்கும் உரியது.

என் அம்மம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தார். நாங்கள் அவரைச் சின்ன ஆச்சி என்று அழைப்போம். அவருக்கு மணம் நிகழ்ந்தது 1930களில். எட்டு ஆண்டுகள் கழிந்தும் பிள்ளை பிறக்கவில்லை. கந்தசஷ்டி விரதம் இருந்தார், நேர்த்தி வைத்தார், கசாயம் குடித்தார். ஊரார் அவருக்கு ‘மலடி’ என்று பெயரிட்டனர். கணவர் வேறொரு பெண்ணைக் கொண்டார். அந்த வீட்டிலும் தொட்டில் ஆடவில்லை. ஆயினும் முன்னர் இட்ட பெயரை ஒருவரும் மீளப் பெற்றுக்கொள்ளவில்லை. உறவினர் வீடுகளில் 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பிள்ளையைத் தொட்டிலில் இடும்போது, சின்ன ஆச்சி எவரும் சொல்லாமலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் பாடசாலையிற் படித்த காலத்தில், ஒருநாள் மாலை, முற்றத்தில் இருந்தபடி அவர் என்னிடம் சொன்னது இன்றும் செவியில் நிற்கின்றது: “எனக்கு உள்ளுக்கை என்னெண்டு ஒருத்தரும் பாக்கேல்லை மோனை. எல்லாரும் வெளியாலை நிண்டுதான் சொன்னவை.”

உள்ளே என்னவென்று பாராமல் வெளியே நின்று தீர்ப்புக் கூறுவது எத்தனை நூற்றாண்டுப் பழக்கம்! உள்ளே பார்க்கும் வழி எவ்வாறு பிறந்தது என்பதே இனி நாம் காண இருப்பது.

முதலில் அந்த வழி யாது என அறிவோம். கருப்பையின் மேற்புறத்தில், இடமும் வலமுமாக, இரண்டு மெல்லிய குழாய்கள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் பத்து முதற் பன்னிரண்டு சதமமீற்றர் நீளம் உடையது. கருப்பைச் சுவரை ஊடறுத்துச் செல்லும் இடத்தில் அதன் துவாரம் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரே. மறுமுனையோ பூவிதழ்போல் விரிந்து சூலகத்தை அணைத்து நிற்கும். மாதந்தோறும் சூலகத்திலிருந்து வெளிவரும் சூலை அவ்விதழ்கள் ஏந்திக் கொள்கின்றன. ஆணின் வித்தும் பெண்ணின் சூலும் சந்திப்பது கருப்பையில் அன்று. இக்குழாயின் அகன்ற பகுதியிலேயே. அங்கு உண்டான கரு, குழாயின் உட்புறத்தே நெல்வயலிற் பயிர் அசைவதுபோல் அசையும் நுண்மயிர்களால் மெல்ல நகர்த்தப்பட்டு, மூன்று நான்கு நாட்களிற் கருப்பையை அடைகின்றது. ஆகவே இவ்விரு குழாய்களும் அடைபடின், சூலும் நலமாயிருக்கலாம், கருப்பையும் நலமாயிருக்கலாம். இயற்கையாகக் கருத்தரித்தல் மட்டும் நிகழாது.

நம் முன்னோர் பெண்களின் நோய்களைப் பற்றி எண்ணாதவர் அல்லர். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் எழுந்த பரராசசேகரம் என்னும் பெரிய வைத்திய நூலைப் பின்னாளில் ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை அவர்கள் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். கருப்பத்தைப் பற்றிய நோய்களும் அதில் இடம்பெறுகின்றன. தமிழ் மரபு மலட்டிலும் வகை கண்டது. ஒரு பிள்ளையோடு நின்றுவிடுவதைக் கதலிமலடு என்றனர். கதலி வாழை ஒருமுறைதான் குலை ஈனும். அதுபோல என்பது கருத்து. இது கூர்ந்த அவதானிப்பாகும். முதற் பிரசவத்தின் பின்னர்க் கிருமி புகுந்து குழாய்கள் அடைபடுவதால் இரண்டாம் பிள்ளை இல்லாமற் போவது உண்டென இன்றைய வைத்தியரும் கூறுவர். நம்மவர் விளைவைக் கண்டு பெயரிட்டனர். காரணம் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருந்தது.

அவ்விடத்தைக் கண்டு எழுதியவர் இத்தாலி நாட்டவர். பாதுவா நகரிற் கற்பித்த கபிரியேல் பலோப்பியோ என்பவர் 1561இல் வெளியிட்ட உடற்கூற்று நூலில் இக்குழாய்களை விரிவாக விளக்கினார். விரிந்த அதன் முனையைக் கண்டு எக்காளத்துக்கு ஒப்பிட்டார். அதனாலேயே இன்றும் பலோப்பியன் குழாய் என்கின்றோம். அடுத்த ஆண்டே, நாற்பது வயது நிரம்பாமல், அவர் இறந்தார். எக்காளம் எதனை முழக்குகின்றது என்பது அவருக்குத் தெரியாது. 1672இல் ஒல்லாந்து வைத்தியர் ரெய்னியர் டி கிராஃப் இக்குழாய்களின் வழியே சூல் செல்கின்றதென எடுத்துரைத்தார். குழாய் அடைபட்டு நீர் கோத்து வீங்கிய நிலையையும் விவரித்தார். 1827இல் கார்ல் எர்ணஸ்ட் வொன் பேர் பாலூட்டிகளின் சூல்முட்டையை உருப்பெருக்காடியிற் கண்டார். இவ்வாறு மூன்று நூற்றாண்டுகளில் உண்மை துண்டு துண்டாகத் திரண்டது. ஆயினும் ஒரு குறை இருந்தது. இவ்வறிவு பெரும்பாலும் இறந்த உடல்களை அறுத்துப் பெற்ற அறிவாகும். உயிரோடு எதிரே வந்து நிற்கும் பெண்ணின் குழாய் திறந்திருக்கின்றதா என்று கேட்டால், விடை சொல்ல எந்த வைத்தியராலும் இயலவில்லை.

இவ்வறிவு நம் தாய்மொழியில் வந்து சேர்ந்த வரலாறு யாழ்ப்பாணத்துக்குப் பெருமை தருவது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இங்கு வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கினார். ஆங்கிலம் அறியாத ஊர்களில் வைத்தியர் நிலைபெற வேண்டுமாயின் வைத்தியக் கல்வி தமிழில் நடைபெற வேண்டும் என்பது அவர் கொண்ட உறுதி. தம் மாணவர்களைத் துணைக்கொண்டு நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட நூல்களைத் தமிழாக்கினார். 1857இல் மோன்செல் என்பாரின் பிரசவ நூல் தமிழில் வெளிவந்தது. 1872இல் கிரே என்பாரின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் வெளிவந்தது. இலண்டனில் மாணவன் ஒருவன் ஆங்கிலத்திற் படித்த கருப்பையையும் சூலகத்தையும் மானிப்பாயில் மாணவன் ஒருவன் தமிழிற் படித்தான் என்றால், அது சிறு செய்தியா? அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராக்கிய பின் 1873இல் நாடு திரும்பிய கிறீன், 1884இற் காலமானார்.

பின்னர் 1898இல், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாக, இணுவிலில் மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. மேரி, மார்கிரெட் லீச் என்னும் சகோதரியர் கடல் கடந்து பொருள் திரட்டினர். இசபெலா கர் என்னும் பெண் வைத்தியர் அங்கு நெடுங்காலம் பணிபுரிந்தார். ஆண் வைத்தியரிடம் தம் உடலைக் காட்ட நாணிய பெண்கள், ஒரு பெண் வைத்தியரை நாடி வந்து பேசத் தொடங்கினர். நூலில் இருந்த அறிவு நோயாளியை அடைவதற்கு இத்தகைய வாயிலும் வேண்டியிருந்தது.

உயிருள்ள உடலின் உட்புறத்தைக் காணும் முதல் வாயிலை 1895இல் ரொஞ்சன் திறந்தார். எக்ஸ் கதிர் எலும்பைக் காட்டியது. மென்மையான குழாயைக் காட்டவில்லை. ஆகவே எக்ஸ் கதிரை மறிக்கும் திரவம் ஒன்றைக் கருப்பையுட் செலுத்திப் படமெடுத்தால் என்ன என்று சிலர் எண்ணினர். 1914இல் அமெரிக்காவில் வில்லியம் கேரி என்பவரும், ஐசிடோர் கிளின்ரன் ரூபின் என்பவரும், தனித்தனியே, வெள்ளி கலந்த கொலார்கோல் என்னும் திரவத்தைப் பயன்படுத்தினர். படம் கிடைத்தது. ஆனால் அத்திரவம் உடலின் உட்பகுதியை உறுத்திப் புண்படுத்தியது. வழியை அறியச் சென்று வழியைக் கெடுப்பது எவ்வாறு தகும்? ரூபின் வேறு உபாயம் தேடினார்.

அவர் தேர்ந்தது வாயு. 1919இல் நியூயோர்க் நகரில், ஒரு பெண்ணின் கருப்பைக்குள் மெல்லிய குழலொன்றின் வழியே ஒட்சிசனை அளவான அமுக்கத்திற் செலுத்தினார். அடுத்த ஆண்டு அதனைப் பற்றி எழுதி வெளியிட்டார். இதன் நுட்பம் மிக எளியது. சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிப்பவர் அறிந்த நுட்பமே அது. குழாய் திறந்திருப்பின் வாயு அதன் வழியே வயிற்றறையுட் கசியும். அமுக்கமானியில் ஏறிய இரசம் இறங்கத் தொடங்கும். குழாய் அடைபட்டிருப்பின் இரசம் ஏறிக்கொண்டே போகும். 200 மில்லிமீற்றர் வரை ஏறியும் இறங்காதாயின் நிறுத்திவிடுவர். வயிற்றின்மேற் செவிக்குழலை வைத்தால் வாயு செல்லும் ஓசையும் கேட்கும். இவற்றினும் வியப்பான அடையாளம் ஒன்றுண்டு. சோதனை முடிந்து அப்பெண் எழுந்து உட்கார்ந்ததும், அவளுக்குத் தோளில் வலி தோன்றும். வயிற்றறையுட் சென்ற வாயு மேலெழுந்து உதரவிதானத்தைத் தொடுகின்றது. உதரவிதானத்தின் நரம்பும் தோட்பட்டையின் உணர்ச்சி நரம்புகளும் கழுத்தில் ஒரே மூலத்திலிருந்து வருவதால், வயிற்றின் செய்தி தோளில் ஒலிக்கின்றது. தோள் வலிக்கின்றது என்று ஒரு பெண் சொல்ல, அருகில் நின்ற வைத்தியர் மகிழ்ந்தார் என்றால், அந்த வலி வழி திறந்திருக்கின்றது என்ற நற்செய்தி ஆனமையால் அன்றோ!

பின்னர் ஒட்சிசனுக்குப் பதிலாகக் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்தினர். அது குருதியில் விரைவாகக் கரைவதால் ஆபத்துக் குறைந்தது. வலியும் விரைவில் நீங்கியது. ரூபின் சோதனை என்ற பெயரில் உலகெங்கும் அரை நூற்றாண்டு இது நடைபெற்றது. ரூபின் 1958இற் காலமானார். இச்சோதனைக்குக் குறைகளும் இருந்தன. இரு குழாய்களில் ஒன்று திறந்திருந்தாலும் இரசம் இறங்கிவிடும். அடைப்பு எந்தப் பக்கம், எந்த இடம் என்பது தெரியாது. அச்சத்தாற் குழாய் தற்காலிகமாகச் சுருங்கினாலும் அடைப்பெனத் தோன்றும். ஆகவே காலப்போக்கில் வேறு முறைகளுக்கு அது இடம்விட்டது.

அம்முறைகளுள் முதன்மையானது எக்ஸ் கதிர்ப் படமே. கசகசா எண்ணெயோடு அயடீன் சேர்த்த லிப்பியடோல் என்னும் மருந்து 1901இல் பிரான்சில் உருவானது. 1920களில் அதனைக் கருப்பையுட் செலுத்திப் படமெடுக்கத் தொடங்கினர். கருப்பை ஒரு முக்கோணமாகவும், குழாய்கள் இரு நூல்களாகவும் படத்தில் வெண்மையாகத் தெரிந்தன. பிற்காலத்தில் நீரிற் கரையும் மருந்துகளும் வந்தன. சோதனைக்குப் பின்னர்ச் சில பெண்கள் வேறு சிகிச்சையின்றியே கருத்தரிப்பதை வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்தனர். இது வெறும் தற்செயலா என்ற ஐயம் நிலவியது. நெதர்லாந்தில் 27 வைத்தியசாலைகளில் 1,119 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுள், எண்ணெய் மருந்து பெற்றோரில் 39.7 வீதத்தினரும், நீர் மருந்து பெற்றோரில் 29.1 வீதத்தினரும் கருத்தரித்தனர். அறியச் சென்ற சோதனையே சிலர்க்கு உதவியாயும் முடிந்தது.

இன்று எக்ஸ் கதிரின்றி, கேளா ஒலியலையாலும், நுரை போன்ற திரவத்தாலும் இச்சோதனையைச் செய்கின்றனர். வேண்டுமிடத்து வயிற்றிற் சிறு துளையிட்டு, ஒளிக்குழல் செலுத்தி, நீல நிறச் சாயம் குழாயின் வழியே வழிந்து வருவதை நேரே கண்ணாற் காண்கின்றனர். ஆயினும் நாம் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. வழி திறந்திருக்கின்றது என்பது, அவ்வழி தன் தொழிலைச் செய்கின்றது என்பதாகாது. வீதி திறந்திருந்தாலும் அதிற் செல்ல வண்டி வேண்டும். குழாயின் உள்ளிருக்கும் நுண்மயிர்கள் சிதைந்திருப்பின், திறந்த குழாயும் பயன்படாது. சோதனை ஒரு கேள்விக்கே விடை தரும். எல்லாக் கேள்விகளுக்கும் அன்று.

குழாய்கள் ஏன் அடைபடுகின்றன? விதியாலும் அன்று, சாபத்தாலும் அன்று. பாலுறவால் தொற்றும் சில கிருமிகள், பிரசவத்தின் பின்னும் கருச்சிதைவின் பின்னும் புகும் கிருமிகள், வெடித்த குடல்வால், முன்னர்ச் செய்த சத்திர சிகிச்சை, கருப்பையின் உட்படலம் வெளியே வளர்தல் என்பன காரணங்களாம். நம் பிராந்தியத்திற் சயரோகமும் ஒரு முக்கிய காரணம். இருமலின்றி, வெளி அடையாளமின்றி, அது குழாய்களை உட்புறத்தே கெடுத்துவிடும். இவற்றிற் பல, காலத்தே கண்டு மருந்து கொடுப்பின் தடுக்கக்கூடியவை. இளம் பெண்ணொருத்தி அடிவயிற்று வலியையும் காய்ச்சலையும் வெட்கத்தால் மறைக்கும்போது, அவள் மறைப்பது வலியை மட்டுமன்று என்பதைத் தாய்மார் உணர்தல் வேண்டும்.

அடைபட்ட வழியைத் திறக்க இயலாதபோது, அவ்வழியைச் சுற்றிச் செல்லும் உபாயமும் பிறந்தது. இங்கிலாந்தில் லெஸ்லி பிரவுண் என்னும் பெண் ஒன்பது ஆண்டுகள் பிள்ளைக்காகக் காத்திருந்தார். அவர் குழாய்கள் அடைபட்டிருந்தன. ரொபேட் எட்வேட்ஸ், பற்றிக் ஸ்ரெப்ரோ, ஜீன் பேடி ஆகியோர் சூலை வெளியே எடுத்து, கண்ணாடிக் கலத்திற் கருவாக்கி, கருப்பையில் வைத்தனர். 1978 யூலை 25ஆம் நாள் லூயிஸ் பிரவுண் பிறந்தாள். அதே ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் நாள் கல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜி என்னும் வைத்தியரின் முயற்சியால் துர்க்கா என அழைக்கப்பட்ட பெண்குழந்தை பிறந்தது. அவருடைய வெற்றியை அக்காலத்து அதிகாரிகள் நம்ப மறுத்தனர். மனமுடைந்த அவர் 1981இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்தே நாடு அவரை ஏற்றது. வெளியே நின்று தீர்ப்புக் கூறும் பழக்கம் பெண்களை மட்டுமன்றி, அவர்களுக்கு உதவ வந்தவரையும் வருத்தியது காண்க.

முடிவாக ஒரு சொல். உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் பிள்ளைப்பேற்றுத் தடையைச் சந்திக்கின்றனர். அத்தகைய இணையர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஆணின் பக்கத்துக் காரணமும் தனித்தோ சேர்ந்தோ உள்ளது. ஆணுக்குரிய சோதனை மிக எளியது, வலியில்லாதது, செலவும் குறைந்தது. ஆகவே பெண்ணின் குழாயைச் சோதிக்கு முன்னர், அல்லது அதனோடு கூடவே, ஆணையும் சோதித்தல் முறை. ஓராண்டு கூடி வாழ்ந்தும் கருத்தரிக்கவில்லையாயின், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து வைத்தியரை நாட வேண்டும். சேர்ந்து என்ற சொல்லை அழுத்திச் சொல்கின்றேன்.

சின்ன ஆச்சிக்கு மணமானபோது ரூபின் சோதனை பிறந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உடற்கூறு தமிழில் அச்சேறி அறுபதாண்டுகள் கடந்திருந்தன. பெண்களுக்கான வைத்தியசாலை மாட்டுவண்டி செல்லும் தூரத்தில் இருந்தது. இத்தனையும் இருந்தும், அவரைச் சோதிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவர்க்கும் தோன்றவில்லை. அவர் கணவரைச் சோதிக்க வேண்டும் என்று கனவிலும் தோன்றவில்லை. அவர் குழாய்கள் அடைபட்டிருந்தனவா என்பதை இனி எவரும் அறியார். அறிவு நூலிலிருந்து திண்ணைக்கு வரும் வழி அடைபட்டிருந்தது என்பதை மட்டும் நான் அறிவேன். அந்த வழியைத் திறப்பதற்கு வைத்தியர் வேண்டுவதில்லை. நீங்களும் நானும் போதும். உங்கள் வீட்டில், உங்கள் அயலில், பிள்ளையில்லாத பெண்ணொருத்தி விழா நாளில் எழுந்து அடுப்படிக்குப் போகக் கண்டால், அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து, பிள்ளையை அவள் மடியிற் கொடுங்கள்.